ஜிபேயில் அனுப்பினால் அது மொய்யா? தாராவி மொய் மேசையிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி: முலுண்டிலிருந்து ஒரு தம்பி, 2025 ஏப்ரல் 9

அண்ணாச்சி, வள்ளியூரில் மாமா மகள் கல்யாணம். ஆபீசில் லீவு தரவில்லை. மாமா நம்பருக்கு ஜிபேயில் 2001 ரூபாய் அனுப்பிவிட்டேன். அதிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நோட்டில் ஏறாதது மொய் கிடையாது. நாளைக்கு உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எவன் திருப்பி வைப்பான்?" என்கிறார். பணம் போய்ச் சேர்ந்ததற்கு வங்கியே சாட்சி. இந்தக் காலத்தில் நோட்டு எதற்கு? நீங்கள் மொய் எழுத உட்காருகிறவர், நீங்களே சொல்லுங்கள்.

ஏப்ரல் 9, இரவு

நான் அப்பா பக்கம்.

பணம் போய்ச் சேர்வதோடு மொய் முடிவதில்லை. உன் மாமா வீட்டில் அந்த நோட்டு இன்னும் இருபது, முப்பது வருடம் பீரோவில் இருக்கும். உன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை போகும்போது மாமா ஜிபேயைத் திறந்து பழைய வரவைத் தேடப் போவதில்லை. அத்தை நோட்டை எடுத்து உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிற பக்கத்தைப் புரட்டுவார். அங்கே உன் அப்பா பெயர் இல்லையென்றால் உங்கள் வீட்டிலிருந்து யாரும் செய்யவில்லை என்று அர்த்தம்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு போன். "மாமா, அந்த 2001-ஐ அப்பா பெயரில் நோட்டில் ஏற்றிவிடுங்கள்" என்று சொல். உன் பெயரில் வேண்டாம். உனக்குக் கல்யாணம் ஆகித் தனிக் குடும்பம் ஆகும்வரை நோட்டில் உன் பெயருக்குத் தனி இடம் கிடையாது.

அப்புறம், முறைப்பெண் கல்யாணத்துக்கு முறைமாப்பிள்ளை 2001 ரூபாயை அனுப்பிவிட்டு முலுண்டிலேயே உட்கார்ந்திருந்தால் வள்ளியூரில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? அப்பா பேசாததற்கு அது காரணமா என்றும் கேட்டுப் பார்.

ஏப்ரல் 10

தூரத்திலிருந்து அனுப்புவதே கூடாது என்று நான் சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படிச் சொல்லவே இல்லை. மும்பைத் தமிழன் தூரத்திலிருந்துதான் பாதி மொய்யை வைத்திருக்கிறான்.

எங்கள் அப்பா தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் ஊர்க் கல்யாணத்துக்கு மணியார்டர் போகும். படிவத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்கும். "இன்னார் மகள் கல்யாணத்துக்கு மொய், இன்னார் வகையில்" என்று அதில் எழுதுவார். பணத்தைக் கொடுக்கும்போது தபால்காரர் அந்தத் துண்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். அதையே நோட்டுக்குள் ஒட்டி வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பணமும் விவரமும் ஒரே ஆள் கையில் போய்ச் சேர்ந்தன. பழைய மாதிரி மணியார்டரைத் தபால் துறை 2015-ல் நிறுத்திவிட்டது. அடுத்த வருடமே யுபிஐ வந்தது. நடுவில் காணாமல் போனது அந்தத் துண்டுதான்.

ஜிபேயிலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. யாராவது எழுதுகிறீர்களா? மிஞ்சிப் போனால் ஒரு பூங்கொத்துப் படம் போடுவீர்கள்.

ஏப்ரல் 12, சனிக்கிழமை

இன்று மத்தியானம் யுபிஐ படுத்துவிட்டது. இங்கே மட்டும் இல்லை, நாடு முழுக்க. மார்ச் 26, ஏப்ரல் 2, இப்போது மறுபடியும். மூன்று வாரத்துக்குள் மூன்று தடவை.

நான் மாட்டுங்கா பூக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை சித்திரை ஒன்று, கூட்டம் நெரிந்தது. எனக்குப் பூக்காரர், "கொண்டு போங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். முகம் தெரியும், பழக்கம். பக்கத்தில் நின்ற பெண் புதிதாகக் குடிவந்தவர் போல. கையில் காசு இல்லை. எடுத்த முழத்தைத் திருப்பிக் கூடையில் வைத்துவிட்டுப் போனார். கடன் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை, கொடுக்கவும் கடைக்காரருக்குக் கை வரவில்லை.

இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்றால், முகூர்த்த நாளில் இப்படி ஆகியிருந்தால் மொய் மேசையில் என்ன செய்திருப்போம்? சித்திரை, வைகாசி முழுக்கக் கல்யாணம். கவரில் காசு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஏப்ரல் 13

"500 அனுப்பினால் போதாதா, எதற்கு 501?" என்று ஒருவர். சுழியில் முடியக் கூடாது, தொடர வேண்டும் என்பது நம்பிக்கை. கவர் கடையில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டியே விற்கிறார்கள். போனில் அந்தச் சிரமம் இல்லை, கடைசி எண்ணை மாற்றி அடித்தால் ஆயிற்று. போன மாதம் ஒரு புண்ணியவான் 500 அனுப்பிவிட்டு, ஞாபகம் வந்து பின்னாலேயே ஒரு ரூபாய் தனியாக அனுப்பினார். கணக்கு சரிபார்த்தபோது அந்த ஒரு ரூபாய் யாருடையது என்று இரவு முழுக்கத் தேடினோம்.

மே 4, ஞாயிறு, இரவு

இப்போதுதான் வந்தேன். தொண்டை கட்டிவிட்டது. சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

90 அடி சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண் வீட்டுக்கு நெருங்கியவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மொய் மேசைக்கு உதவட்டும் என்று கடையிலிருந்த க்யூஆர் அட்டையை எடுத்து வந்துவிட்டார். கூடவே அந்தப் பேசும் பெட்டி. முதல் ஆள் ஸ்கேன் செய்தார். பெட்டி மண்டபமே கேட்கும்படி இந்தியில் "பாஞ்ச் சௌ ஏக் ருப்பயே" என்று முழங்கியது. நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அடுத்து வந்தவர் 201 வைக்க நினைத்தவர் என்று முகத்திலேயே தெரிந்தது. பெட்டியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், 501 அடித்தார். அதற்கடுத்த பெரியவர் என்னிடம் குனிந்து, "ஏலே, இத அணைச்சுப் போடு, நான் காசாத் தாறேன்" என்றார். அணைக்கும் பொத்தான் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பெட்டியை ஒரு துண்டில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்தோம். அங்கிருந்தும் முனகிக்கொண்டே இருந்தது.

மதுரைப் பக்கம் மைக்கில் மொய் வாசிப்பார்களே, அதைவிடவா இது மோசம் என்று கேட்பீர்கள். அங்கே வாசிக்கிறவன் நம் ஆள். தாய்மாமன் வைத்ததைக் கூட்டி இழுத்து வாசிப்பான், முடியாதவன் வைத்ததை வேகமாக ஓட்டிவிடுவான். அந்த விவரம் பெட்டிக்குக் கிடையாது.

மே 6

அந்தக் கல்யாணத்துப் போன் வரவையெல்லாம் நோட்டில் ஏற்ற நேற்று உட்கார்ந்தோம். தலைவலியே இதில்தான்.

மொய் நோட்டைப் பார்க்காதவர்களுக்காக: மேலே பிள்ளையார் சுழி, ஓரத்தில் மஞ்சள், முதல் வரியில் குலசாமி பெயரில் ஒரு ரூபாய். அதற்குக் கீழே ஒவ்வொரு வரியும் ஊரில்தான் தொடங்கும். நாங்குநேரி, இன்னார் மகன் இன்னார், தாராவி, ரூபாய் இவ்வளவு. வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே நாங்கள் கேட்பது "எந்த ஊர்?" இங்கேயே பிறந்து, திருநெல்வேலியை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த பிள்ளைகளும் அதற்கு அப்பா ஊரைச் சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

போனில் வந்திருப்பது என்ன? எஸ். முருகன் 501. எம். முருகன் 1001. முருகன் எஸ் 501. இசக்கிமுத்து என்று மூன்று பேர். சுடலைமுத்து, தகப்பன் பெயர் எழுத்துகூட இல்லை. எங்கள் பக்கத்து ஆள்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்கள்தான் என்பது யுபிஐ செய்தவர்களுக்கு எப்படித் தெரியும்? இதில் ஒரு முருகன் பெண்ணின் சித்தப்பா முறை, இன்னொருவர் மேளக்காரரின் நண்பர், மூன்றாமவர் யார் என்றே தெரியவில்லை.

போதாததற்கு மகன் போனிலிருந்து அப்பா மொய், மாமியார் கணக்கிலிருந்து மருமகன் மொய். பணம் ஒரு பைசா குறையாமல் வந்துவிட்டது. யார் வீட்டிலிருந்து வந்தது என்பதற்காகப் பெண்ணின் அப்பா ஒவ்வொருவருக்காகப் போன் போடுகிறார். "அண்ணாச்சி, 1001 நீங்க வச்சதா?" என்று கேட்பது எவ்வளவு கூச்சமான வேலை! வைக்காதவரிடம் கேட்டுவிட்டால் அவர் வைக்கவில்லை என்று சொல்லிக்காட்டினது போல ஆகிவிடும்.

எனவே இனி என் மேசையில் இதுதான் முறை. போனில் அனுப்புகிறவரும் வரிசையில் நின்று ஊர், பெயர் சொல்லி, திரையைக் காட்டி, நோட்டில் எழுதிய பிறகுதான் சாப்பாட்டுப் பந்திக்கு நகர வேண்டும். வராதவர் என்றால் வருகிற யாராவது ஒருவருக்கு அனுப்பி, அவர் காசாக வைத்துப் பெயர் சொல்லட்டும்.

மே 7

"எக்செல் போடலாமே?" போடலாம். மதுரை, தேனி பக்கம் கம்ப்யூட்டர் வைத்து ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு மறுப்பு ஒன்றுமில்லை. ஆனால் கோப்பு யாருடைய லேப்டாப்பில் இருக்கிறது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். லேப்டாப் பையன் கனடா போய்விடுவான்.

மே 19

காசு மேல் எனக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். பாசம் எதுவும் இல்லை தம்பி. 2016 கார்த்திகையில் மேசையில் உட்கார்ந்தவன் நான்.

நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த வாரம் கார்த்திகை பிறந்தது, வரிசையாகக் கல்யாணம். கல்யாண வீட்டுக்கு வங்கியிலிருந்து இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று பிறகு அறிவித்தார்கள். அதற்குக் கேட்ட காகிதங்களைச் சேர்ப்பதற்குள் பல வீட்டில் மறுவீடே முடிந்துவிட்டது.

மொய் மேசைக்கு வந்ததெல்லாம் பழைய நோட்டு. அதுவும் தாராளமாக. வழக்கமாக 101 வைக்கிறவர் 1000 வைத்தார். டிசம்பர் 30 வரை வங்கியில் கட்டலாம், ஆனால் கட்டும் வேலை கல்யாண வீட்டுக்கு. தள்ளிவிட்ட நோட்டா, அன்பில் வந்த நோட்டா? கேட்க முடியுமா? எழுதிக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், திருப்பிச் செய்யும்போது அந்த 1000 முழுசாகத் திரும்ப வேண்டும். அன்றைக்குத் தாராளமாக வைத்தவர்களில் சிலர் இப்போது தங்கள் பிள்ளை கல்யாணத்தில் அதை எதிர்பார்த்து நிற்கிறார்கள். நோட்டில் இருக்கிறதே, என்ன செய்ய?

போன் பணம் பரவ ஆரம்பித்ததும் அந்தக் கார்த்திகையில்தான். தாராவி இட்லிக்காரர்கள் சைக்கிளில் க்யூஆர் அட்டை மாட்டியது அப்புறம் மெதுவாக நடந்தது.

ஜூன் 8

வரி பற்றிக் கேட்டவர்களுக்கு. கணக்கு எழுதுவது என் பிழைப்பு, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி சரி. அந்த விலக்கு கல்யாணம் செய்துகொள்கிறவருக்கு. மணமகனுக்கும் மணமகளுக்கும் வருவதற்கு. நம் பத்திரிகையில் அச்சிடுவது யாருடைய க்யூஆர்? பெண்ணின் அப்பாவுடையது. அவருக்கா கல்யாணம்?

அப்பா கணக்குக்கு வருவதில், சட்டம் உறவு என்று ஒப்புக்கொள்கிறவர்கள் அனுப்பியதற்கு வரி இல்லை. மற்றவர்கள் அனுப்பியது வருடத்தில் மொத்தம் 50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் வருமானம் ஆகிவிடும். "அது என் மகளுக்கு வந்தது, நான் வாங்கி வைத்தேன்" என்று விளக்கலாம். ஆனால் விளக்க வேண்டிய நிலைமையை எதற்கு உண்டாக்கிக்கொள்வது? க்யூஆர் போடுவதென்றால் மணமக்கள் கணக்கைப் போடுங்கள்.

காதுகுத்து, சடங்கு, பால் காய்ச்சு இதற்கெல்லாம் இந்த விலக்கு கிடையாது. ரொக்கமாக வாங்கினால் கேள்வி வராது என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று: ஒரே ஆளிடமிருந்து ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017-லிருந்து சட்டம் இருக்கிறது. எங்கள் மேசைக்கு அப்படி யாரும் வந்ததில்லை. வந்தால் எழுந்து நின்று வணங்கிவிட்டுக் காசோலை கேட்பேன்.

ஜூன் 9

"சட்டம் ஒப்புக்கொள்கிற உறவு" யார் யார் என்று இருபது பேர் கேட்டுவிட்டீர்கள். வாங்குகிறவரின் கணவன் அல்லது மனைவி, கூடப் பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியுடன் கூடப் பிறந்தவர்கள், அப்பா அம்மாவுடன் கூடப் பிறந்தவர்கள், தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் நேர்வழியில் மேலே கீழே உள்ளவர்கள், இவர்களுடைய துணைகள். அவ்வளவுதான்.

சித்தப்பா கொடுத்தால் உறவு. சித்தப்பா மகன் கொடுத்தால் உறவில்லை. இன்னும் வேடிக்கை: முலுண்டுத் தம்பி, உன் மாமா உனக்கு உறவு, ஆனால் நீ உன் மாமாவுக்கு உறவில்லை. அம்மாவின் தம்பி கொடுப்பது பட்டியலில் இருக்கிறது, அக்கா மகன் கொடுப்பது இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தின பிள்ளை, வரித் துறை கணக்கில் அந்நியன். உன் 2001-ஆல் அவருக்கு ஒரு பிரச்சினையும் வராது. அக்கா மகன் நாலு பேரும் ஆளுக்கு ஒரு பவுன் விலையை அனுப்பினால்தான் வரும்.

ஜூலை 6

மொய்யிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அண்ணனோடு செம்பூர் போயிருந்தேன். ஆடி பிறக்கும் முன் கொடுத்து முடிக்க வேண்டும். சொந்தக்காரர் புதுக் கட்டடத்துக்குக் குடிபோயிருக்கிறார், இருபத்து மூன்றாவது மாடி. வாசலில் காவலர் போனில் எங்கள் படம் பிடித்து, பெயர் கேட்டு, மேலே அனுமதிக்கு அனுப்பினார். மேலே இருந்து பதில் இல்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு இரண்டு பெரிய மனிதர்கள் மழையில் நிற்கிறோம். காவலர் திரையை எட்டிப் பார்த்தேன். எங்களை டெலிவரி என்ற தலைப்பில் போட்டிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கையில் தட்டு இருந்தது.

அப்புறம் சொந்தக்காரர் பதறிப் போய்க் கீழே இறங்கி வந்தார். பூஜையில் இருந்தாராம், போன் ஹாலில். தாராவியில் அவருடைய பழைய வீட்டில் கதவே சாத்தியிருக்காது. திரைச்சீலையை விலக்கி "மச்சான்" என்று கூப்பிட்டால் உள்ளே போய்விடலாம். ஆனால் அவர் மனைவியைக் கேட்டால், அந்தத் திரைச்சீலைக் காலத்தில் தனக்கு ஒரு மத்தியானத் தூக்கம்கூடக் கிடைத்ததில்லை என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்காதீர்கள். அதுவும் அனுப்புகிறோம், ஞாபகத்துக்கு. ஒன்று மட்டும் கவனம்: கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு வந்தால் தொடாதீர்கள். திறந்தால் போனையே களவாடும் செயலி அது. 2024-லேயே போலீஸ் எச்சரித்தது. நம் ஆள்கள் பத்திரிகை என்றதும் யார் வீடு என்று பார்க்கிற அவசரத்தில் தொட்டுவிடுவார்கள்.

ஜூலை 27

மே மாதத்து மளிகைக் கடைக்காரர் போன் செய்தார். குரலில் பயம். பெங்களூரில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை என்று கர்நாடக வணிக வரித் துறை சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறிக்காரர், பால்காரர்வரை. கடைகளில் க்யூஆரைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பிறகு மாநில அரசு இறங்கி வந்தது.

நம்மவர் கேள்வி: கல்யாண மொய் முழுக்கக் கடைக் கணக்கில் விழுந்திருக்கிறதே, அது வியாபாரம் ஆகிவிடுமா? பொருள் விற்கிறவருக்குப் பதிவு செய்ய வேண்டிய வரம்பு வருடத்துக்கு 40 லட்சம். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. இருந்தாலும் கடை க்யூஆரில் வருவதைப் பார்க்கிறவன் விற்பனை என்றுதான் பார்ப்பான். அன்று எழுதின நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், தேதி, பெயர், தொகை எல்லாம் அதில் இருக்கிறது. வங்கிக் கணக்குக்கே அந்த நோட்டுதான் சாட்சி சொல்லப் போகிறது.

இனி யாரும் கடைப் பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டு வர வேண்டாம்.

ஜூலை 28

ஆடி மாதம், ஊரே சும்மா இருக்கிறது என்று நினைத்தால், புதுக்கோட்டை ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார்: அவர்கள் பக்கம் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடியில்தான் மொய் விருந்து. கல்யாணமே வேண்டாம், விருந்து வைத்து மொய் மட்டும் வாங்குவது. கிடாக்கறி போட்டு, வட்டியில்லாக் கடனாகத் திரட்டி, அதில் தொழில் தொடங்குகிறவர்கள் உண்டு. அவர் மும்பையிலிருந்து போனில் அனுப்புகிறாராம், "கறிதான் போனில் வரமாட்டேன் என்கிறது" என்கிறார்.

போகலாமே என்றால் டிக்கெட் எங்கே? முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். இந்த மாதத்திலிருந்து தட்கலுக்கு ஆதார் ஓடிபி. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்குத் திறக்கும், 11 அடித்து முடிப்பதற்குள் காத்திருப்புப் பட்டியல் காட்டும். ஏஜெண்டுகளுக்கு முதல் அரை மணி நேரம் தடை என்பது ஒரு ஆறுதல். எனக்கு இதுவரை அந்த ஆறுதல் மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆவணிக் கல்யாணம் நேற்று முடிந்தது. மேசையில் ஒன்று நடந்தது, அதிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது.

அண்ணன் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் இட்லி அவித்து விற்கிற அக்கா. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் விடியற்காலை நாலு மணிக்கு அவர் வீட்டில்தான் முதல் விளக்கு எரியும். அவர் கணவர் இருக்கிறார், இருக்கிறார் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா க்யூஆரை ஸ்கேன் செய்து 1001 போட்டார். நான் பழக்கத்தில் ஊரை எழுதி, கணவர் பெயரைத் தொடங்கினேன். அக்கா மேசையில் விரலை ஊன்றி, "எம்பேருல எழுது. துட்டு என் கணக்குல இருந்துதானே போச்சு? அதுல எம்பேருதானே காட்டுது?" என்றார்.

பின்னால் வரிசை நின்றது. பக்கத்தில் எழுதுகிறவர் என்னைப் பார்த்தார். நோட்டில் பெண் பெயரில் வரி எழுதுவதென்றால் அது விதவை வீடாக இருக்கும், இல்லாவிட்டால் டீச்சர் வீடாக இருக்கும். இது இரண்டும் இல்லை. அக்கா பெயரை எழுதினேன். ஊருக்கு எது என்று கேட்டேன், கணவர் ஊரா, பிறந்த ஊரா? "தாராவின்னு போடு" என்றார்.

மே மாதம் நான் இந்தத் திரையில் தெரியும் பெயரைத்தான் திட்டினேன். ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, யார் வீடு என்று புரியவில்லை என்று. நேற்று அந்த வெறும் பெயர் அக்காவுக்கு ஆதாரமாக நின்றது. காசாக வைத்திருந்தால் நான் கேட்காமலே கணவர் பெயரை எழுதி முடித்திருப்பேன், அவரும் பேசாமல் பந்திக்குப் போயிருப்பார். எங்கள் மேசையில் இத்தனை வருடம் அப்படி எத்தனை பேருடைய சம்பாத்தியத்தை வேறு பெயரில் எழுதியிருக்கிறோமோ.

போனில் வருகிற பணத்தை இனி யார் பெயரில் எழுதுவது என்று அனுப்பினவரிடமே கேட்கப் போகிறேன். முலுண்டுத் தம்பிக்கு ஏப்ரலில் சொன்னது அப்பாவுக்கும் மகனுக்கும் இடையிலான கதை. அதில் மாற்றமில்லை. கணவன் மனைவிக்கு அதையே சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 2

எதிர்பார்த்ததுதான். "அப்படியென்றால் திருப்பிச் செய்யும்போது யார் பெயருக்குச் செய்வது, ரெண்டு வீடாகப் போய்விடாதா?" என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம். அடைப்புக்குறிக்குள் கணவர் பெயரையும் போட்டுவிட்டால் வீடு தெரிந்துவிடும். இத்தனை நாள் மனைவி பெயர் அந்த அடைப்புக்குறிக்குள்ளேகூட இருந்ததில்லை என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள் அண்ணாச்சி.

ஒரு தொழில் விவரம். சின்னத் தொகைக்கென்று போனில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கிற யுபிஐ லைட்டில் அனுப்பினால், அனுப்பினவர் வங்கிப் பாஸ்புக்கில் அந்த வரி தனியாக வராது. லைட்டில் பணம் ஏற்றியது மட்டும்தான் தெரியும். நாளைக்கு "வைத்தேன்" என்று காட்ட வேண்டுமென்றால் மொய்க்கு லைட் வேண்டாம்.

செப்டம்பர் 5

ஆகஸ்டில் மட்டும் நாட்டில் யுபிஐ பரிமாற்றம் 2000 கோடியைத் தாண்டியதாம். எங்கள் கவலை மே மாதத்துக் கல்யாணத்து முருகன்கள்தான். மூன்றாவது முருகன் யார் என்று கடைசியில் தெரிந்தது: மண்டபத்தை மாற்றி வந்தவர். பக்கத்து மண்டபக் கல்யாணத்துக்கு வைக்க வேண்டியதை எங்கள் க்யூஆரில் போட்டிருக்கிறார். சாப்பிட்டதும் எங்கள் பந்தியில்தான், அதனால் பெண்ணின் அப்பா பாதியைத் திருப்பினால் போதுமா என்று கேட்டார். முழுசாக அனுப்பச் சொன்னேன்.

பையன் ஒருவன் கேட்டிருக்கிறான்: நாம் வைத்த மொய்யைத் திருப்பி வைக்காதவர்களுக்கு யுபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பலாமா என்று. நல்ல வேளை, மோசடி அதிகம் என்பதால் ஆளுக்கு ஆள் பணம் கேட்கும் அந்த வசதியை அக்டோபர் 1 முதல் நிறுத்துகிறார்கள். அதற்குள் அனுப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே தம்பி. உன் பெரியப்பா மொபைலில் அது வந்து விழுந்தால் பணம் வராது, பெரியப்பாதான் நேரில் வருவார்.

தை மாதத்துக்கு இப்போதே மூன்று வீட்டில் மேசைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு ஒரே முகூர்த்தத்தில். சயான், தாராவி பக்கம் கையெழுத்து சுத்தமாக இருக்கிற, ஊர்ப் பெயர்களில் கொஞ்சம் பழக்கம் உள்ள பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெண்பிள்ளையாக இருந்தாலும் சரி.